டாக்டரம்மா கேட்ட கேள்வி

எங்கள் ஊருக்குப் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் ஜாஸ்தி. நித்ய புஷ்கரணியில் முழுகி, ஈரப் புடவையோடு அரசமரத்தைச் சுற்றி, பூவராக ஸ்வாமியைச் சேவித்து, கோரைக்கிழங்குப் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். ஸ்ரீமுஷ்ணத்திலேயே வாழ்க்கைப்பட்ட நான் பதின்மூன்று வருஷம் அந்த மரத்தைச் சுற்றினேன். கடைசியில் எனக்குக் கிடைத்தவள் ஓர் ஆஸ்பத்திரித் தொட்டிலில் யாரோ விட்டுவிட்டுப் போன பெண்.

தொட்டில் குழந்தைத் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண் சிசுக்களைக் கொல்லாமல் இருக்க 1992ல் சேலத்தில் ஆரம்பித்தார்கள். 2011ல் எங்கள் கடலூர் மாவட்டத்துக்கும் வந்தது. எங்கள் பெண் வேறு மாவட்டத்துக் குழந்தை. 'காரா' என்கிற மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் முறைப்படி பதிந்து, வீட்டுக்கு வந்து விசாரித்துப் போய், கோர்ட்டு உத்தரவும் ஆகி, 2016ல் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு மாதம். இங்கே அவளை மீனா என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் வேறு.

அவளுடைய ஃபைலில் மருத்துவச் சான்று இருந்தது. எடை குறைவு, மற்றபடி ஆரோக்கியம் என்று எழுதியிருந்தது. பெற்றவள் யார், எப்படி இருந்தாள் என்று ஒரு வரி கிடையாது. தொட்டில் குழந்தைக்கு அது எப்படி இருக்கும்?

மீனா அழகு. அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்வேன். ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் எல்லோருக்கும் ஒரு பள்ளம் ஓடுமே, அது அவளுக்கு இல்லை. தேய்த்து விட்ட மாதிரி சமமாக இருக்கும். மேலுதடு கோடு மாதிரி மெல்லிசு. கண்கள் சின்னது. என் மாமியார் இதற்குத் தயாராக ஒரு காரணம் வைத்திருந்தார். "பச்சைப் புள்ளையில குளிப்பாட்டி, மூக்க நீவி வுட ஆள் இல்லை. அதான் இப்படி ஆயிடுச்சி. நான் சரி பண்ணிடுறேன் பாரு." தினமும் எண்ணெய் தொட்டு நீவினார். குழந்தை கெக்கெக்கென்று சிரிக்கும்.

நடந்தாள், பேசினாள், எல்லாம் கொஞ்சம் தாமதம். டாக்டர்கள் டானிக் கொடுத்தார்கள். "வளர வளர சரியாயிடும்" என்றார்கள். எல்.கே.ஜி. சேர்த்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, 2020ல் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் பின்தங்கிவிட்டன, நம் பெண்ணும் அதில் ஒன்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். இதில்தான் எங்களுக்கு இரண்டு வருஷம் போயிற்று.

பள்ளி திறந்த பிறகு வேஷம் கலைந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஏழாம் வாய்ப்பாடு தடுமாறாமல் சொல்வாள். காலையில் கேட்டால், ஏழாம் வாய்ப்பாடு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாதது போல விழிப்பாள். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாவது நாள் கோபம் வந்தது. "குளிச்சிட்டு, யூனிஃபார்ம் போட்டு, பையை எடுத்துக்கிட்டு வா" என்றால் பாத்ரூமில் போய் நின்றுகொண்டிருப்பாள். கடைக்கு அனுப்பினால் பால் பாக்கெட் வரும், மீதிச் சில்லறை வராது. எங்கே என்று கேட்டால் வாய் கூசாமல் ஒரு கதை. ஒரு நாள் நாய் துரத்தியது, ஒரு நாள் சாமியார் வாங்கிக்கொண்டார். டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார்: 'கவனம் இல்லை, பிடிவாதம், பொய்.'

நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு நாள் விசிறிக் காம்பால் அடித்துவிட்டேன். ஆடுசதையில் இரண்டு கோடு சிவந்து எழும்பிவிட்டது. அழுதாள். கொஞ்ச நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "கை வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். எதற்காக அடி வாங்கினோம் என்று அவளுக்கு அதற்குள் மறந்து போயிருந்தது. அது மறதி என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, கொழுப்பு என்று நினைத்தேன். இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு மீதியை எழுதினால் அது பொய்.

2023ல், மாசி மகத்துக்கு ஸ்வாமி கிள்ளைக்குப் புறப்பட்ட அன்றைக்கு, கூட்டத்தில் மீனாவைக் காணோம். ஒரு மணி நேரம். என் உயிர் என்னிடம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு வளையல் விற்கிற அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். அந்த அம்மாள் நல்லவள். "வரியான்னு கேக்கக்கூட இல்லை தாயி, அதுவா கையப் புடிச்சிக்கிட்டு வந்துடுச்சி" என்றாள். எட்டு வயதுப் பெண். யார் கூப்பிட்டாலும், கூப்பிடாவிட்டாலும் போவாள் என்றால் என்ன செய்வது? இது படிப்பு விஷயம் இல்லை என்று அன்று ராத்திரிதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.

பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 2013லிருந்து ஆர்.பி.எஸ்.கே. என்று ஒரு திட்டம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதித் தருவார்கள். டி.இ.ஐ.சி. என்றால் ஆஸ்பத்திரியில் வழி காட்டுவார்கள். குழந்தை டாக்டர், காது பார்ப்பவர், பேச்சுப் பயிற்சி, மனநல நிபுணர் என்று ஒரே இடத்தில், காசில்லாமல். எங்கள் வழியும் அங்கேதான் ஆரம்பித்தது. அங்கிருந்து புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். விடிகாலை பஸ் பிடித்து, விருத்தாசலத்தில் மாறி, மூன்று மாதத்தில் நாலு நடை.

முதல் நடையில், ஒரு நடுத்தர வயது டாக்டரம்மா மீனாவை வெகு நேரம் பார்த்தார். என்னிடம் திரும்பி, "இவளைச் சுமந்த காலத்துல இவ அம்மா குடிச்சிருப்பாங்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. "நம்ம ஊர்ப் பக்கம் பொம்பளைங்க குடிப்பாங்களா டாக்டர்?" என்றேன்.

"கரும்பு வெட்டப் போறவங்க, சூளையில வேலை பாக்கறவங்க, உடம்பு வலிக்குக் குடிக்கிறது உண்டும்மா. கார்ல வந்து இறங்கறவங்க வீட்டுலயும் உண்டு. அவங்க சொல்லமாட்டாங்க, அவ்வளவுதான்."

அரசாங்கத்தின் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2019-21ல் நம் தேசத்தில் நூறு ஆண்களில் 19 பேர் குடிப்பதாகவும், பெண்களில் நூறுக்கு ஒருவர் சுமார் என்றும் வந்திருக்கிறது. அந்த ஒருவரைத்தான் யாரும் நினைப்பதில்லை. அதனால் அவள் பிள்ளையையும் நினைப்பதில்லை.

எனக்குத் தெரியாது, தொட்டிலில் விட்ட குழந்தை என்றேன். "பரவாயில்லை, முகமே சொல்லும்" என்று ஒரு கண்ணாடி ஸ்கேலை எடுத்தார். மேலே பார்க்கச் சொல்லி, கண்ணின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அளந்தார். 22 மில்லிமீட்டர், வயதுக்குக் குறைவு. பிறகு ஓர் அட்டை. அதில் ஐந்து உதடுகளின் படம். ஒன்றாவது படத்தில் பள்ளம் ஆழமாக இருக்கும், ஐந்தாவதில் பள்ளமே இராது. அட்டையை மீனாவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "சிரிக்கக்கூடாதுடா கண்ணு" என்றார். சிரித்தால் உதடு இழுபட்டு அளவு தப்பாகிவிடுமாம். என் பெண்ணாவது, ஒருத்தர் முகத்துக்கு நேரே பார்க்கும்போது சிரிக்காமல் இருப்பதாவது! நாலு முறை முயன்று, கடைசியில் நர்ஸ் ஜன்னலில் ஒரு காக்காயைக் காட்டினபோதுதான் பார்க்க முடிந்தது. ஐந்தாவது படம்.

உயரம் 112 சென்டிமீட்டர், எடை 17 கிலோ. அவள் வயதுப் பெண்கள் நூறு பேரை உயரப்படி நிறுத்தினால் முதல் மூன்று நாலு பேருக்குள் நிற்பாள் என்றார். தலைச் சுற்றளவு 48. காது, கண் பார்த்தார்கள். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். இதே மாதிரி முகம் தரும் வேறு பிறவி நோய்கள் உண்டாம், அது இல்லை என்று தெரிய குரோமோசோம் பரிசோதனையும். நான் கேட்டேன், "குடிச்சாங்களான்னு ரத்தத்துல தெரியாதா?" இந்த வயதில் அப்படி ஒரு டெஸ்ட் கிடையாதாம். முகத்தில் இந்த மூன்று குறியும், வளர்ச்சிக் குறைவும், மூளை வேலை செய்வதில் குறையும் சேர்ந்து இருந்தால், தாய் குடித்தாளா என்று தெரியாவிட்டாலும் தீர்மானிக்கலாம். முகத்தில் குறி இல்லாத பிள்ளைகள்தான் ரொம்பப் பேர். அவர்களுக்குத் தாய் குடித்த விவரம் தெரிந்தால்தான் சொல்ல முடியும். அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றார் டாக்டரம்மா. என்ன கொடுப்பினை பாருங்கள்!

மனநல நிபுணர் ஒரு சின்னப் பெண். கட்டை அடுக்கச் சொல்லி, படம் காட்டி, கதை கேட்டு இரண்டு நாள் பார்த்தாள். அறிவுத்திறன் எண் 74. எழுபதுக்குக் கீழே இருந்தால்தான் அறிவுசார் குறைபாடு என்பார்களாம், இவள் அதைத் தாண்டிவிட்டாள். நான் சந்தோஷப்படப் போனேன். "இருங்கம்மா" என்று இன்னொரு தாளை எடுத்தாள். வைன்லேண்ட் என்ற அளவுகோலாம். சொந்தமாகக் குளிப்பது, காசு எண்ணுவது, ஆபத்து தெரிவது, யாரிடம் எப்படிப் பழகுவது என்று என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினது. அதில் மீனாவின் வயது ஐந்து.

எட்டு வயது உடம்பு, வாய்ப் பேச்சும் எட்டு வயது, அன்றாட நடப்பில் ஐந்து வயது. அந்த ஒரு கணக்கு எனக்கு எத்தனையோ விஷயத்தை விளக்கிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஐம்பது ரூபாய் கொடுத்து, மீதி கொண்டு வா என்று நாம் அனுப்புவோமா? சில்லறை எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று மனசு ஒரு கதையைக் கட்டிக் கொடுக்கிறது. அவளுக்கு அது நடந்தது மாதிரியே இருக்கும். பொய் சொல்கிறவளுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். இவளுக்கு அது தெரியாது.

கடைசி நடையில் டாக்டரம்மா சீட்டில் எழுதினார்: ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம். தாய் குடித்த மது, கொடி வழியாகப் போய்க் கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிப்பது. 1968ல் பிரான்ஸ் தேசத்து நாந்த் நகரில் பால் லெமுவான் என்ற டாக்டர், குடிக்கும் பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பார்த்து எழுதினார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1973ல் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரண்டு டாக்டர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். இதெல்லாம் பிறகு என் அக்கா மகன் படித்துச் சொன்னது.

மூளையில் ஏற்பட்ட சேதம் திரும்பாது, மருந்து கிடையாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். அதே சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்குத் என்ற அம்மாள் இந்தப் பிள்ளைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்து 2004ல் எழுதியிருக்கிறாராம். சீக்கிரம் கண்டுபிடித்து, ஒரே வீட்டில் அன்பாக வளர்ந்த பிள்ளைகள் பின்னாளில் வம்பு தும்புகளில் மாட்டுவது ரொம்பக் குறைவாம். "சீக்கிரம்னா எப்போ டாக்டர்?" என்றேன். "ஆறு வயசுக்குள்ள இருந்தா நல்லது." மீனாவுக்கு எட்டரை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த இரண்டரை வருஷத்தையே எண்ணிக்கொண்டு வந்தேன். விசிறிக் காம்பு அந்த இரண்டரை வருஷத்துக்குள்தான் இருந்தது.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் என் நாத்தனார் சொன்னாள், "அண்ணி, அவங்க மறைச்சித்தானே குடுத்திருக்காங்க? திருப்பிக் குடுத்துடலாமே." இவர் சாதாரணமாகத் தங்கையிடம் குரல் உயர்த்தாதவர். "கடையில வாங்கின மிக்ஸியா?" என்று ஒரே வார்த்தைதான். நாத்தனாரோடு நான் வெகு நாள் பேசவில்லை. ஆனால் பொய் சொல்வானேன், அன்று ராத்திரி, எனக்கும் அந்த நினைப்பு ஒரு தரம் வந்து போனது. எங்களுக்குப் பிறகு இவள் கதி என்ன என்று நினைத்தபோது வந்தது. மீனா தூக்கத்தில் என் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் எழுந்து தோசை வார்த்தேன். அவ்வளவுதான் அந்த நினைப்பின் ஆயுசு.

பெற்றவள் மேல் வந்த கோபம் அத்தனை சீக்கிரம் போகவில்லை. குடித்துக் கெடுத்துவிட்டு என் தலையில் கட்டிவிட்டாளே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இருப்பேன். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப் போனார்களே, நினைவிருக்கும். எங்களுக்குப் பக்கத்து ஊர்ச் சேதி. செத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்து நின்ற பிள்ளைகளைப் பேப்பரில் பார்த்தேன். குடித்தவர்கள் கூலி வேலைக்காரர்கள். அந்தப் பெண்களில் யாராவது ஒருத்தி என் மீனாவின் தாய் மாதிரி இருந்திருப்பாளோ என்று தோன்றிற்று. முகம் உருவாவது முதல் இரண்டு மாதத்திலேயே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாள் தள்ளிப் போனது தெரிவதற்கு முன்னாலேயே பாதி முடிந்துவிடும். அவளுக்குத் தான் கர்ப்பம் என்றே தெரிந்திராது. தெரிந்தாலும் சாராயம் குழந்தைக்கு ஆகாது என்று யார் அவளிடம் சொன்னார்கள்? குப்பைமேட்டில் போடாமல் தொட்டில் வரை நடந்து வந்தாளே. நான் திட்டுவதை நிறுத்தினேன்.

கர்ப்பிணிகள் இவ்வளவு குடித்தால் பாதகமில்லை என்று ஒரு அளவே கிடையாதாம். கள்ளு குளிர்ச்சி, பிராந்தி ஜலதோஷத்துக்கு நல்லது என்று சொல்லும் பாட்டிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அரிஷ்டம், ஆசவம் பாட்டில்களிலும் ஆல்கஹால் உண்டு, சின்ன எழுத்தில் போட்டிருக்கும். முழுகாமல் இருக்கிற பெண் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். புருஷன் குடித்து வந்தால் இந்த நோய் வருமா என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். இது தாய் குடிப்பதால் வருவது. புருஷன் குடித்தால் வேறு கஷ்டங்கள் எத்தனையோ, அவளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வீட்டில் இப்போது ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்த வேலை சொல்வது. "குளி." குளித்து வந்த பிறகு "யூனிஃபார்ம்." சுவரில் காலை வேலைகளைப் படமாக வரைந்து ஒட்டியிருக்கிறேன். என் படத்தில் குடமும் பூனையும் ஒரே மாதிரி இருக்கும், மீனாவுக்குப் புரிந்தால் சரி. நேரம், சாப்பாடு, தூக்கம் நாளுக்கு நாள் மாறக்கூடாது. விருந்தாளி வந்து ஒழுங்கு கெட்டால் அன்று சாயங்காலம் ஒரு ஆட்டம் உண்டு. கடைக்குப் போனால் சரியான சில்லறையும் சீட்டும். திருவிழா என்றால் கழுத்தில் எங்கள் போன் நம்பர் போட்ட அட்டை, கை என் கையில். பழம் விற்பவர், தையல்காரர், ஆட்டோ ஸ்டாண்டுப் பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். மாமியாருக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. "நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆக வேணாமா, ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறியே?" என்றார். "அத்தை, தம்பட்டம் அடிக்காட்டி ஒரு நாள் தொலைச்சிடுவோம்" என்றேன். ஊருக்கு நோயின் பெயர் தெரியாது. மூளையில் பிறவியிலேயே ஒரு பாதிப்பு, மறந்து போவாள், யாரோடும் போய்விடுவாள் என்ற வரைக்கும்தான் சொன்னேன். குடி விஷயம் மீனாவின் சொந்த விஷயம், ஊரின் விஷயமில்லை.

பள்ளியில் டாக்டர் சீட்டைக் காட்டினோம். டீச்சர் முதல் வரிசையில் உட்கார வைத்தார். 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, அதில் இந்த நோயின் பெயர் இல்லை. ஆனால் கற்றல் குறைபாடு இருக்கிறது, அந்த வழியில் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருக்கிறோம். அது இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், எழுத ஆளும் கிடைக்கும். பயிற்சி வேண்டுமென்றால் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 2005லிருந்து மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது, வருஷம் ஒரு முறையாவது போய் வர எண்ணம்.

மீனா இப்போது ஐந்தாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரவில்லை. தொட்டிலில் கிடைத்தவள் என்பதைச் சின்ன வயதிலிருந்தே கதை போலச் சொல்லி வைத்திருக்கிறோம். "எங்க அந்த அம்மா எப்படிம்மா இருப்பாங்க?" என்று போன வாரம் கேட்டாள். "உன்ன மாதிரியே இருப்பாங்க" என்றேன். குடியைப் பற்றி என்றைக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பதினெட்டு வயதில் சொல்லலாம் என்கிறார் இவர். மீனாவின் பதினெட்டு எங்கள் கணக்கில் எந்த வயதோ.

செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது என் மாமியார் இன்னமும் அவளை மடியில் கிடத்திக்கொண்டு மூக்குக்குக் கீழே கட்டைவிரலால் நீவுகிறார். டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவருக்குத் தெரியும், நானே சொன்னேன். "தெரியும்டி, இருக்கட்டும்" என்கிறார். பத்து வயதுப் பெண்ணுக்கு மடி போதவில்லை, கால் இரண்டும் தரையில் நீண்டு கிடக்கிறது. "ஆயா, கூச்சமா இருக்கு" என்று மீனா சிரிக்கிறாள்.